இருவருக்கென்று ஒரு ‘நாம்’

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அரங்குக்குள் நுழைந்ததும் நாற்காலிகளை எண்ணிப் பார்த்தேன். முந்நூறு இருக்கின்றன. இந்த அரங்கை ஆறு முறை நிரப்பி அனுப்பினால் ஒரு நாடே வந்து போய்விடும். ஆறாவது முறை நாற்காலிகள் சில மிஞ்சவும் செய்யும். நான் பேச வந்திருக்கும் நியுவே தீவின் மக்கள்தொகை இன்று 1,700-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. அதற்கென்று ஒரு நாடாளுமன்றம் உண்டு, பிரதமர் உண்டு, அரசியல் சட்டம் உண்டு. ஒரு மொழியும் உண்டு. அந்த மொழியைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

மொழிக்கான அறக்கட்டளை என்பதால் தமிழின் தொன்மையைப் பற்றிப் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். அதைப் பேச இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழிக்காரர்கள் எப்போதாவது ஒரு மாலைப்பொழுதைச் சில ஆயிரம் பேர் பேசும் மொழிக்குக் கொடுப்பதில் தவறில்லை என்று அமைப்பாளர்களிடம் சொன்னேன். பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்கள்.

ஆக்லாந்து நகரத்தில் சில காலம் இருந்தேன். அந்நகரின் தென்பகுதியில் ஓட்டரா என்றோர் இடம். சனிக்கிழமை காலைகளில் அங்கே ஒரு கார் நிறுத்துமிடத்தில் சந்தை கூடும். சமோவாக்காரர்கள், தொங்காக்காரர்கள், குக் தீவினர், மவோரிகள், இந்தியர்கள் எல்லோரும் வருவார்கள். நம் ஊர்ச் சேப்பங்கிழங்கின் பெரிய உருவம் அங்கே தாலோ என்ற பெயரில் குவிந்து கிடக்கும். வெட்டினால் இளஞ்சிவப்பாக இருக்கும் தாலோ நியுவேயிலிருந்து வருவது என்று கடைக்காரப் பெண்மணி சொல்லித் தந்தார். அதன் முன்னால் ஒரு பாட்டியும் பத்து வயதுப் பேரனும் நின்றிருந்தார்கள். பாட்டி பேரனிடம் மெல்ல ஏதோ சொன்னார். பையன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். பாட்டி மறுபடி தன் மொழியில், பையன் மறுபடி ஆங்கிலத்தில். இருவருக்கும் அதில் ஒரு சிரமமும் தெரியவில்லை. ஓடிப் பழகிய இரட்டை மாடுகள் மாதிரி இரண்டு மொழிகள் ஒரே வண்டியை இழுத்தன. பாட்டியின் பேச்சில் ‘தவுஆ’ என்றொரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்து காதில் ஒட்டிக்கொண்டது. அதன் பொருள் தெரிந்த நாளில்தான் இந்தச் சொற்பொழிவு எனக்குள் தொடங்கியது. பிறகு அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

முதலில் தீவு. நியூசிலாந்துக்கு வடகிழக்கே ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் தொலைவில், தொங்கா, சமோவா, குக் தீவுகள் மூன்றும் சூழ்ந்த நடுக்கடலில், தனியாக நிற்கும் ஒரு பவளப் பாறை. பரப்பளவு 260 சதுர கிலோமீட்டர். கடலடியிலிருந்து மேலே தூக்கப்பட்ட பவளத் தீவுகளில் உலகிலேயே பெரியவற்றுள் ஒன்று. ஆறு கிடையாது, ஓடை கிடையாது. பெய்யும் மழை சல்லடையில் விழுந்தது போலப் பாறைக்குள் இறங்கிவிடும். நாம் படங்களில் பார்க்கும் வெண்மணல் பசிபிக் அல்ல அது. கரை என்றால் செங்குத்தான பாறைச்சுவர். படகைக் கரையில் ஏற்றுவதே ஒரு வித்தை. பதினான்கு கிராமங்கள், தலைநகரம் அலோஃபி. சர்வதேசத் தேதிக்கோடு இடையில் இருப்பதால் ஆக்லாந்தில் விமானம் ஏறுகிறவர் மூன்றரை மணி நேரம் பறந்து முந்தின நாளில் போய் இறங்குவார்.

ஹுஅனாகியும் ஃபாஓவும் தொங்காப் பக்கத்திலிருந்து கடலில் வந்து, அலைக்கடியில் கிடந்த பாறையை மேலெழச் செய்தார்கள் என்பது அவர்களுடைய தொன்மம். நிலவியலும் பாறை மேலெழுந்தது என்றுதான் சொல்கிறது. யார் எழுப்பினார்கள் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு.

‘நியு’ என்றால் தென்னை. ‘நியுவே’ என்றால் ‘இதோ பார், தென்னை!’ என்று பொருள் சொல்கிறார்கள். இத்தனை மகிழ்ச்சியான பெயர் உள்ள தீவுக்கு 1774-இல் வந்த காப்டன் குக் வேறொரு பெயர் வைத்துவிட்டுப் போனார்: காட்டுமிராண்டித் தீவு. மூன்று இடங்களில் இறங்கப் பார்த்தார். மக்கள் விடவில்லை. ஓர் ஈட்டி அவர் தோளருகே பறந்தது. எதிர்த்து வந்தவர்களின் வாய் சிவந்திருந்ததைக் கண்டு வெள்ளையர்கள் ரத்தம் என்று அஞ்சினார்கள். அது ஹுலாஹுலா என்னும் செவ்வாழையின் சாறு என்று நியுவே மக்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இதில் சிரிப்பில்லாத பகுதி ஒன்று உண்டு. அந்நியர் வந்தால் நோய் வரும் என்பது தீவுக்காரர்களின் அச்சம். வெளியூர் போய்த் திரும்பும் சொந்த மக்களைக்கூட, அவர்களின் பொருள்களைக்கூட, காட்டுக்குள் சில காலம் ஒதுக்கி வைத்த பிறகுதான் ஊருக்குள் விட்டார்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாதிரிமார் எழுதியிருக்கிறார்கள். 2020-இல் உலகமே கற்றுக்கொண்ட ஒதுக்கல் முறையை அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கடைப்பிடித்தவர்களுக்குக் கிடைத்த பட்டம் காட்டுமிராண்டி. அந்தப் பெயர் உலகப் படங்களில் வெகுகாலம் இருந்தது.

இனி மொழி. வஙஹாவு நியுவே என்பது அதன் பெயர். ‘வஙஹாவு’ என்றால் பேச்சு, பேசுதல் இரண்டும்தான். ரோமன் எழுத்தில் எழுதும்போது ‘ஜி’ என்ற எழுத்தைப் போடுவார்கள். ஒலியோ நம் ‘ங’. ஆங்கிலம் வழியாக வாசிக்கிற உலகம் ‘வகஹாவ்’ என்று தடுமாறுகிறது. நமக்கு அந்தத் தடுமாற்றம் தேவையில்லை. ‘ங’வுக்கு ஒரு சொல் தேடி நம் அரிச்சுவடிக்காரர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், எழுத்து இருக்கிறது, அதில் தொடங்கும் சொல் இல்லை. நியுவே மொழியில் வேலைக்கு ‘ஙஹுஆ’. வாய்க்கு ‘ஙுத்து’. நம்மிடம் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் எழுத்துக்கு அங்கே வாயும் வேலையும் கிடைத்துவிட்டன.

மொழிக்குடும்பத்தைப் பற்றி விரிவாகப் போகப் போவதில்லை. தொங்கா மொழியும் இதுவும் உடன்பிறப்புகள். பொலினீசியக் கிளையில் இவை இரண்டும் தனிக் கொப்பு. மரம் ஆஸ்திரோனேசியம், தைவானில் வேர்விட்டு மடகாஸ்கர் வரைக்கும் ஈஸ்டர் தீவு வரைக்கும் பரவியது. மலேசியாவிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் நியுவே ஏற்கெனவே தெரியும். ஐந்துக்கு மலாயில் லிமா. நியுவேயிலும் லிமா, கைக்கும் அதே சொல். கண்ணுக்கு இரண்டிலும் மாதா. மீன் அங்கே இக்கான், இங்கே இகா. வானம் லாஙிட், லாஙி. காது தெலிஙா, இரண்டிலும். ஏறத்தாழ பத்தாயிரம் கிலோமீட்டர் கடல் நடுவில் இருக்கிறது. எழுத்தில்லாமல், இரும்பில்லாமல், துடுப்பும் பாயும் நட்சத்திரமும் கொண்டு கடந்த கடல். காதுக்குச் சொல்லும் சொல் அத்தனை தூரமும் சிதையாமல் போயிருக்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ‘நாம்’ பற்றி.

ஆங்கிலத்தில் ‘வீ’ ஒன்றுதான். ‘வீ ஆர் கோயிங்’ என்று ஒருவன் சொன்னால், நீங்களும் கிளம்ப வேண்டுமா, அவர்கள் போவதை உங்களுக்கு அறிவிக்கிறானா என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழனுக்கு அந்தச் சங்கடமில்லை. ‘நாம் போகிறோம்’ என்றால் செருப்பைத் தேடலாம். ‘நாங்கள் போகிறோம்’ என்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் தன்மைப் பன்மை ஒன்று, சேர்க்காதது ஒன்று. கடவுளிடம் ‘எங்களைக் காப்பாற்று’ என்றுதான் கேட்கிறோம், ‘நம்மைக் காப்பாற்று’ என்று கேட்பதில்லை. அவருக்குக் காப்பு தேவையில்லை. நியுவேயில் வேதாகமத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்த ஆங்கிலப் பாதிரிமாரும் இந்த வேறுபாட்டைத் தம் மொழியில் காணாமல், தீவுக்காரர்களிடம் கேட்டுத்தான் கற்றிருக்க வேண்டும். அங்கே ‘நாம்’ என்பது தவுத்தொலு. ‘நாங்கள்’ என்பது மவுத்தொலு. ‘த’வில் தொடங்கினால் கேட்பவர் உள்ளே, ‘ம’வில் தொடங்கினால் வெளியே.

இதுவரை நாமும் அவர்களும் சமம். இதற்குமேல் அவர்கள் ஒரு படி போகிறார்கள். ‘தொலு’ என்றால் மூன்று. அதாவது தவுத்தொலு என்பது மூன்று பேரிலிருந்து தொடங்கும் ‘நாம்’. இருவருக்கு வேறு சொல். நீயும் நானும் மட்டும் என்றால் தவுஆ. நானும் இன்னொருவரும், ஆனால் நீ இல்லை என்றால் மவுஆ. தமிழ் இலக்கணத்தில் ஒருமை, பன்மை என்று நிறுத்திக்கொண்டோம். வடமொழியில் இருமை உண்டு என்று படித்துவிட்டுக் கடந்து போனோம். நமக்கு ‘நாம ரெண்டு பேரும்’ என்று மூன்று சொல் தேவைப்படுகிறது. நியுவேக்காரருக்கு ஒரே சொல்.

ஓட்டராச் சந்தையில் பாட்டியின் வாயில் திரும்பத் திரும்ப வந்தது அந்தச் சொல்தான். நீயும் நானும்.

அந்தப் பாட்டி ஆக்லாந்துக்கு எப்படி வந்தார் என்பது ஒரு தீவின் வரலாறு. 1846-இல் நுகாய் பெனியாமினா என்ற நியுவேக்காரர் சமோவாவில் கிறித்தவராகித் திரும்பி வந்து முத்தலாவு கிராமத்தில் இறங்கினார். பின்னால் சமோவா நாட்டுப் போதகர்களும் லண்டன் மிஷன்காரர்களும் வந்தார்கள். தேவாலயம் இன்றுவரை அந்த மொழியின் உறுதியான கூரை. 1862, 63-இல் தென்னமெரிக்கப் பெரு நாட்டுக்கு ஆள் பிடித்துப் போன கப்பல்கள் இங்கேயும் வந்தன. 1900-இல் பிரிட்டிஷ் காப்பு. மறு ஆண்டே நியூசிலாந்தோடு இணைப்பு. 1915-இல் முதல் உலகப் போருக்கு 150 பேர் கிளம்பினார்கள், பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தெரியாது, பலர் காலில் பூட்ஸ் ஏறியதே முதல்முறை. மவோரிப் படைப்பிரிவோடு எகிப்துக்கும் பிரான்சுக்கும் போய், குண்டைவிட நோய்க்கே அதிகம் ஆளாகித் திரும்பினார்கள். வரலாற்றாசிரியர் மார்கரெட் பாயின்டர் இதைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பே நியுவே மொழியில் இருக்கிறது; என் நெஞ்சம் கொஞ்சம் அழுகிறது என்பது அதன் பொருள்.

1966-இல் தீவில் 5,194 பேர். 1970-களின் தொடக்கத்தில் விமான நிலையம் வந்தது. வெளியுலகம் உள்ளே வரும் என்றுதான் ஓடுபாதை போட்டார்கள்; உள்ளிருந்தவர்கள் வெளியே போனார்கள். 1974 அக்டோபர் 19-இல் தன்னாட்சி. நியூசிலாந்தோடு கட்டற்ற கூட்டுறவு என்ற ஏற்பாடு. ராபர்ட் ரெக்ஸ் முதல் பிரதமர். நியுவேக்காரர் அனைவரும் நியூசிலாந்துக் குடிமக்கள். கடவுச்சீட்டு கையில், விமானம் வாசலில், வேலை ஆக்லாந்தில். குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பின. தீவைச் சுற்றும் சாலையில் போனால் கூரை இழந்த வீடுகள் வரிசையாக நிற்கும். பிறகு 2004 ஜனவரியில் ஹெட்டா புயல். முப்பது மீட்டர் உயரப் பாறைச்சுவரையும் தாண்டி அலை மேலேறியது. மருத்துவமனை போயிற்று. தொன்மத்து வீரன் ஹுஅனாகியின் பெயரைத் தாங்கிய பண்பாட்டு மையமும் அருங்காட்சியகமும், உள்ளே இருந்த சேகரிப்பின் பெரும்பகுதியும் போயின. பாறையைக் கடலிலிருந்து எழுப்பியவனின் பெயரில் இருந்ததைக் கடல் திரும்ப எடுத்துக்கொண்டது.

நியூசிலாந்தின் 2018 கணக்கெடுப்பில் தம்மை நியுவேயர் என்று பதிந்துகொண்டவர்கள் 30,867 பேர். தீவில் இருப்பவர்களைப்போல் பதினெட்டு மடங்கு. பெரும்பாலோர் ஆக்லாந்தில், பெரும்பாலோர் நியூசிலாந்திலேயே பிறந்தவர்கள். அதற்கு முந்தைய 2013 கணக்கெடுப்பில் மொழி தெரிந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். யுனெஸ்கோவின் பட்டியலில் இது அழிவை எதிர்நோக்கும் மொழிகளுள் ஒன்று. எண்ணிக்கையைச் சொன்னதும் அரங்கில் ஒரு பெருமூச்சு எழுவதைக் கேட்கிறேன். கொஞ்சம் பொறுங்கள், இரங்கற்கூட்டத்துக்கு நான் வரவில்லை.

முப்பதாயிரம் பேர் வேற்று மண்ணில் எப்படி ஒரு கூட்டமாக இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் ஒரு ஹிஃபி உலுவுக்குப் போக வேண்டும். பையனின் முடியிறக்கு விழா. பிறந்ததிலிருந்து பையனின் தலையில் கத்தரி படாது. முடி இடுப்புவரை வளரும். பள்ளிக்கூடத்தில் பின்னல் போட்டுக்கொண்டு போவான், பெண்பிள்ளை என்று கேலி கேட்பான். பத்துப் பன்னிரண்டு வயதில், சில வீடுகளில் அதற்கும் பிறகு, ஒருநாள் மண்டபம் எடுப்பார்கள். முடியைச் சிறு சிறு கற்றைகளாகப் பிரித்து நாடா கட்டி, பையனை நடுவில் உட்காரவைப்பார்கள். உறவினர் ஒவ்வொருவராக வந்து ஒரு கற்றையை வெட்டி எடுத்துக்கொண்டு பணம் வைப்பார்கள். ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருப்பார். நம் மொய் நோட்டு அப்படியே! யார் எவ்வளவு வைத்தார், நாளை அவர் வீட்டு விழாவில் எவ்வளவு திருப்ப வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். பெண்ணுக்குக் காது குத்து, ஹுகி தெலிஙா. இரண்டையும் கேட்டால் நம் ஊர்த் தாய்மாமன்கள் அங்கே போய் மடியில் உட்காரவைத்துக்கொள்ளத் தயாராக இருப்பார்கள்.

விருந்தைச் சொல்லாமல் விட முடியாது. பன்றி, கோழி, மலைபோல் தாலோ. தாலோவையும் பப்பாளியையும் மெல்லிய வில்லைகளாகச் சீவி, அடுக்குக்கு அடுக்கு தேங்காய்ப்பால் ஊற்றி, இலையில் பொதிந்து, சுட்ட கற்களின் மேல் வேகவைக்கும் தகிஹி. தீவிலிருந்து வரும் உறவினர் ஐஸ்பெட்டியில் உஙா கொண்டுவருவார். மரமேறும் தென்னை நண்டு. அந்த நண்டு வந்துவிட்டால் மண்டபத்தில் மொழியும் மாறிவிடும் என்று ஒரு நியுவே நண்பர் சொன்னார். ஆங்கிலத்தில் நண்டு தின்ன முடியாதாம்.

கொடுத்த பணத்துக்குக் கணக்கு இருப்பதால் குடும்பங்கள் ஒன்றையொன்று விட்டுப் போக முடிவதில்லை. இதைச் சுமை என்று சொல்லும் இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உறவு என்பதே ஒரு வகையில் தீராத கடன்தானே. தீர்ந்துவிட்டால் எதற்குப் பார்த்துக்கொள்வது?

நியுவேக்காரர்கள் தனியாகவும் இல்லை. 1970-களில் ஆக்லாந்தில் விசா முடிந்தவர்களைத் தேடி விடியற்காலையில் வீடு புகுந்த காவல்துறை, குறிவைத்தது சமோவா, தொங்காக்காரர்களை. தெருவில் நிறுத்தும்போது தோற்றத்தைத்தான் பார்த்தார்கள். பொலினீசியன் பாந்தர்ஸ் என்ற இளைஞர் இயக்கம் அதை எதிர்த்து நின்றது. அதன் முன்னணியில் நின்ற திஙிலாவ் நெஸ் நியுவேப் பெற்றோருக்குப் பிறந்தவர். குடியுரிமைச் சிக்கல் எதுவும் அவருக்கு இல்லை. 1981-இல் தென்னாப்பிரிக்க ரக்பி அணிக்கு எதிரான போராட்டத்தில் சிறையும் போனார். அவர் மகன் சே ஃபூ நியூசிலாந்தின் பெயர்பெற்ற பாடகர். அந்த வீடு புகுந்த செயலுக்காக நியூசிலாந்து அரசு 2021-இல் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரனுக்காகத் தெருவில் இறங்குவதற்கும் இலக்கணத்துக்கும் தொடர்பில்லை என்பீர்கள். மவுத்தொலு என்று நின்றிருக்க வேண்டியவர் தவுத்தொலு என்று நின்றார் என்பதற்கு மேல் எனக்கு விளக்கம் தெரியவில்லை.

அதே ஓட்டராவில் 1976-இல் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கிய பாலிஃபெஸ்ட் இன்று மாணவர்களின் பெருவிழா. சமோவா மேடை, தொங்கா மேடை, குக் தீவு மேடை, மவோரி மேடை என்று இருப்பதில் நியுவேக்கும் ஒரு மேடை. தகாலோ என்ற போர்நடனம் ஆடுவார்கள். தம் மொழியில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத பிள்ளை அரை மணி நேரப் பாட்டை மனப்பாடமாகப் பாடும். அடுத்தது மொழி வாரங்கள். சமோவா மொழி வாரம் 2007-இல் தொடங்கியது. பின்பு ஒவ்வொரு பசிபிக் மொழிக்கும் வந்தது. நியுவேக்கு அக்டோபர், அரசியல் சட்ட நாளை ஒட்டி. அந்த வாரம் பள்ளி ஒலிபெருக்கியிலும் அலுவலகச் சுவரொட்டியிலும் ‘ஃபகாலோஃபா லஹி அத்து’ என்ற வணக்கம் வரும். ‘அலோஃபா’ அன்பு, ‘லஹி’ பெரிது. கடைசியில் வரும் ‘அத்து’ என்னிடமிருந்து உன் பக்கம் போகிறது என்று திசை காட்டும் சிறு சொல். என் பக்கம் வருவதற்கு ‘மாய்’. ‘தா’வுக்கும் ‘கொடு’வுக்கும் வேறுபாடு கண்ட தொல்காப்பியர் இதைக் கேட்டிருந்தால் ஒரு நூற்பா எழுதியிருப்பார்.

இந்த வாரங்களைக் கேலி செய்வது எளிது. வருடத்தில் ஒரு வாரம் வணக்கம், ஐம்பத்தொரு வாரம் குட் மார்னிங். நானும் முதலில் அப்படித்தான் பேசித் திரிந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ‘பிள்ளை முன்னேற வேண்டுமானால் வீட்டில் ஆங்கிலம் பேசுங்கள்’ என்று ஆசிரியர்கள் சொல்லக் கேட்டு வாயை மூடிக்கொண்ட ஒரு தலைமுறைப் பெற்றோர் அங்கே இருக்கிறார்கள். அதே பள்ளிக்கூடத்தின் ஒலிபெருக்கியில் அதே மொழி வருகிறபோது அந்த வீட்டில் ஏதோ ஒன்று இளகுகிறது. வெட்கம் போவதற்கு மேடை வேண்டும். 2022-இல் நியூசிலாந்து அரசு பசிபிக் மொழிகளுக்குப் பத்தாண்டுத் திட்டம் ஒன்றையும் அறிவித்தது. நல்லது. ஆனால் மேடையில் நிற்பது மவுத்தொலு, ‘நாங்கள் இப்படிப்பட்டவர்கள்’. சுவரொட்டி சொல்வது தவுத்தொலு, ‘வாருங்கள், நாம் எல்லோரும்’. இரண்டுமே மூன்று பேரிலிருந்து தொடங்குபவை. மொழி கைமாறும் இடமோ தவுஆ. நீயும் நானும் மட்டும் இருக்கும் சமையலறை, பேருந்து இருக்கை, சந்தைக் கடை. அரசாங்கத்தால் அங்கே வர முடியாது. வரவும் கூடாது.

பசிபிக்கில் நமக்கும் ஒரு கதை உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து 1903 முதல் 1916 வரை ஏறத்தாழ 15,000 தென்னிந்தியர்கள் ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். 1926-இல் சாது குப்புசாமி தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை நிறுவினார். பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள், தமிழ் கற்பித்தார்கள், நாடி நகரத்தில் முருகனுக்குக் கோபுரம் எழுந்தது. தீமிதி நடக்கிறது, காவடி நடக்கிறது. அந்தக் காவடியை எடுக்கும் இளைஞரிடம் தமிழில் பேசிப் பாருங்கள். சிரித்துவிட்டு ஃபிஜி இந்தியில் பதில் சொல்வார். மேடை நின்றது, கூட்டம் நின்றது, சங்கம் நூறாண்டை எட்டுகிறது. வீட்டுக்குள் இருவர் பேச்சு மட்டும் வேறு மொழிக்குப் போய்விட்டது. யார்மேலும் குற்றம் சொல்வதற்கில்லை. தோட்டத்து வரிசையில் பக்கத்து அறைக்காரரோடு பேச ஒரு பொதுமொழி வேண்டியிருந்தது. அது அடுப்படிக்கும் வந்தது. எட்டுக் கோடியின் நிழல் அந்தப் பதினைந்தாயிரத்தின்மேல் விழவில்லை என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

நியுவேயின் பக்கம் திரும்பினால், தனி மனிதர்கள் செய்தது கொஞ்சமில்லை. 1997-இல் வொல்ஃப்காங் ஸ்பெர்லிச் பதிப்பித்த அகராதி, நியுவே அரசும் ஹவாய் பல்கலைக்கழகமும் சேர்ந்து கொண்டுவந்தது, இன்றும் வீடுகளில் இருக்கிறது. கனடாவின் டயேன் மாசம் 2001-இல் இதன் வாக்கிய அமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரை தொடரியல் மாணவர்களுக்குப் பால பாடம் போல. ‘அவன் மீன் பிடிக்கிறான்’ என்பதில் மீனும் பிடிப்பும் ஒட்டி ஒரே பயனிலையாகிவிடும் நுட்பம் அது. தீவையே படத்தில் காட்டத் தெரியாதவர்களுக்கும் அதன் இலக்கணம் தெரிந்திருக்கிறது. வேடிக்கைதான். இன்னொரு வேடிக்கை: இணையத்தில் நியுவேக்கு ஒதுக்கிய ‘என்.யு.’ என்ற ஈரெழுத்து, சுவீடன் மொழியில் ‘இப்போது’ என்று பொருள் தருவதால் அங்கே விற்றுத் தீர்ந்தது. அது எங்கள் சொத்து என்று நியுவே அரசு நெடுங்காலமாக வாதாடுகிறது.

ஜான் பூலேயைப் பற்றி ஒரு தனிப் பொழிவே செய்யலாம். 1962-இல் லிக்கு கிராமத்தில் பிறந்து, இரண்டு வயதில் ஆக்லாந்துக்கு வந்தவர். 1992-இல் வந்த அவர் நாவல், சூரியனைத் தின்ற சுறா என்று தலைப்பு. ஆங்கில நாவல், அதற்குள் நியுவே மொழி வேர்போல் ஓடும். மரப்பட்டைத் துணியான ஹியாப்போவின் பழைய கோலங்களை ஓவியங்களாக மீட்டார். அந்தத் துணிகளைப் பார்த்தால் நம் கோலக்காரர்கள் நின்றுவிடுவார்கள். கட்டம் போட்டு, கட்டத்துக்குள் இலை, விதை, மீன், பிறகு திடீரென்று ஒரு மனித உருவம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் செய்த சிலவற்றில் பெயர்களையும் எழுதியிருக்கிறார்கள். எழுத்தைக் கற்றுக்கொண்ட மக்கள் அதைத் தம் துணியில் முயன்று பார்த்த தடயம். பட்டையைத் தட்டித் துணியாக்கும் கைவேலை வழக்கொழிந்து போயிருந்தது. ஆக்லாந்தில் வளர்ந்த கோரா-ஆலன் விக்லிஃப் என்ற பெண் அதை மறுபடி கற்றுக்கொண்டு செய்கிறார். தீவில் அறுந்த நூலை நகரத்தில் பிறந்தவர் கட்டுகிறார். ஊரில் இருப்பவர்களே மொழியின் காவலர், வெளியே போனவர்கள் அதைத் தொலைத்தவர்கள் என்று நாம் பழகிப் பேசும் கணக்கு நியுவேயில் செல்லாது. தீவுப் பிள்ளைகளும் கைப்பேசியில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். ஆக்லாந்தின் பசிபிக் வானொலியில் மாலையில் வரும் நியுவே மொழிக் குரலைக் கேட்பதற்குத் தெற்கு ஆக்லாந்தில் பாட்டிகள் இருக்கிறார்கள்.

சந்தையில் விட்டுவந்த பாட்டிக்கு வருகிறேன். பேரம் முடிந்தது. பாட்டி கிழங்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக் கொடுக்க, பையன் துணிப்பையில் வாங்கிப் போட்டுக்கொண்டே எண்ணினான். தஹா, உஆ, தொலு, ஃபா, லிமா. எனக்கு மலாய் கொஞ்சம் தெரியும் என்பதால் லிமாவில் நிமிர்ந்தேன். அடுத்த கிழங்குக்கு அவன் ‘சிக்ஸ்’ என்றான். பாட்டி கிழங்கை நீட்டினார், ஆனால் பிடியை விடவில்லை. பையன் இழுத்துப் பார்த்தான். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கடைக்காரப் பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பையன் என்னைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், பாட்டியைப் பார்த்தான்.

‘ஒனோ’ என்றான். கிழங்கு பைக்குள் விழுந்தது.